தமிழ் வராமல் கிடந்த நாட்கள்

கோபம் ஆறட்டும், அப்புறம் எழுதலாம் என்று தள்ளிப்போட்டுப் பார்த்தேன். ஆறுகிற வழியாகத் தெரியவில்லை. வலது கைக்குப் பயிற்சியாகத் தினமும் ஒரு பக்கம் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். பேரையும் ஊரையும் எத்தனை தடவைதான் எழுதுவது? அதனால் ஆஸ்பத்திரியில் எனக்கு நடந்ததையே எழுதிவிடுகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் யாராவது இப்படிப் படுத்துவிட்டால் டாக்டரிடம் என்ன சொல்ல வேண்டும் என்றாவது தெரிந்துகொள்வீர்கள்.

என் பெயர் வேலுச்சாமி. கொடைக்கானலுக்கு மேலே பூம்பாறை எங்கள் ஊர். அப்பாவுக்குப் பூண்டுக் காடு, எனக்கு லாரி. எங்கள் பக்கத்துக் கேரட்டையும் பீன்ஸையும் ஏற்றிக்கொண்டு, வத்தலக்குண்டு இறங்கி, தேனி, கம்பம், குமுளி வழியாகக் கோட்டயம் சந்தையில் கொண்டுபோய்ப் போடுவது என் சோலி. வாரத்தில் இரண்டு நாள் அங்கேயே தங்கல். இந்தத் தங்கலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அதை வைத்துத்தான் என் மானத்தை வாங்கினார்கள்.

எனக்குப் பயம் அதிகம். ஊரில் எல்லோருக்கும் தெரியும். லாரியை நிறுத்தினால் ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, கொஞ்ச தூரம் நடந்துபோய், மறுபடி திரும்பி வந்து அந்தக் கல்லைக் காலால் அழுத்திப் பார்ப்பேன். நான் மலையாளம் படித்ததும் பயத்தால்தான். ஆரம்பத்தில் சந்தையில் என் கேரட்டை ஒருத்தர் கையில் எடுத்துப் பார்ப்பார், பக்கத்தில் இருப்பவரிடம் ஏதோ சொல்வார், இரண்டு பேரும் சிரிப்பார்கள். என் சரக்கைச் சொல்கிறார்களா, என்னைச் சொல்கிறார்களா என்று ஊர் வந்து சேரும்வரை யோசித்துக்கொண்டே வருவேன். ஒருநாள் செக்போஸ்ட்டில் ஒரு அதிகாரி என்னவோ கேட்டார். புரியாமல் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டேன். மழையில் மொத்த மூட்டையையும் இறக்க வைத்தார்கள். அன்றைக்கு முடிவு பண்ணினேன், இந்தப் பாஷையைப் படிக்காமல் விடுவதில்லை என்று.

முப்பது வயதுக்கு மேலே படித்தது அது. நான் தங்கும் இடத்துக்குக் கீழே டீக்கடை வைத்திருந்தவரிடம் போகும்போதெல்லாம் சில வார்த்தைகள் கேட்டுக்கொள்வேன். திரும்பி வரும்போது கம்பம் சமவெளி பூராவும் ஸ்டியரிங்கைப் பார்த்துச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே வருவேன். பாஷை வர வருடங்கள் ஆயிற்று. வந்தபிறகு சந்தையில் புதிதாகப் பார்ப்பவர்கள் "இடுக்கி பக்கமா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

நோய் வந்தது தை மாதத்தில். காலையில் தோட்டமெல்லாம் உறைபனி உப்பு கொட்டியதுபோல் கிடந்தது. மூட்டை ஏற்றி முடித்து, தார்ப்பாய்க்கு மேலே கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். வலது கை கயிற்றை விட்டுவிட்டது. நான் விடவில்லை, கைதான் விட்டது. கீழே குனிந்து எடுக்கப் போனவன் அப்படியே சக்கரத்தோரம் உட்கார்ந்துவிட்டேன். என் மனைவி செல்லத்தாயின் அண்ணன் மாயாண்டிதான் சரக்குக் கணக்குப் பார்ப்பவர். அவர் ஓடிவந்தார்.

"என்ன மாப்ள, குளுரு வெரச்சிருச்சா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சொல் வரவில்லை. தொண்டை வரைக்கும்கூட வரவில்லை. வார்த்தை இருந்த இடமே வெறுமையாகக் கிடந்தது. அவர் பேசுவதெல்லாம் புரிகிறது. பதில் என்ன என்று தெரிகிறது. தமிழில் அதை எடுக்கப் போனால் கை இருட்டுக்குள் துழாவுகிறதுபோல் இருந்தது.

கொடைக்கானல் ஆஸ்பத்திரியில் பார்த்தவர்கள், "இங்க வெச்சிக்கிட முடியாது, வெரசா மதுரைக்குக் கொண்டு போங்க" என்று சொல்லிவிட்டார்கள். ஜீப்பில் செல்லத்தாய் மடியில் என் தலை. ஒவ்வொரு வளைவிலும் அவள் என் நெற்றியைக் கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டாள். எனக்கு என்ன கவலை தெரியுமா? நான் உட்கார்ந்துவிட்டேனே, லாரிக்குக் கல் வைத்தார்களா இல்லையா என்று. உயிர் போகிற நேரத்தில் இது ஒரு கவலையா என்று கேட்காதீர்கள். சரிவில் நிற்கிற வண்டி, கீழே வீடுகள். வாய்விட்டுக் கேட்க முடியாமல் அந்த மலைப்பாதை முழுக்கத் தவித்தேன். வத்தலக்குண்டு வந்து சமதளத்தில் வெயில் முகத்தில் அடித்தபோது, தானாக ஒரு வாக்கியம் முழுசாக வெளியே வந்தது.

"வண்டிக்கு கல்லு வெச்சோ?"

மாயாண்டி முன்சீட்டிலிருந்து திரும்பினார். "வெச்சாச்சு மாப்ள, வெச்சாச்சு. பேச்சு வந்திருச்சு தங்கச்சி, அழுகாத." அது தமிழ் இல்லை என்று அவருக்கு அப்போது உறைக்கவில்லை. எனக்கு உறைத்தது. கோட்டயம் சந்தையில் பேசுகிற மலையாளத்தில் வந்திருக்கிறது. சரி, மயக்கத்தில் இருக்கிறோம், தெளிந்ததும் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டேன்.

மதுரையில் தனியார் ஆஸ்பத்திரி. ஒரு வளையத்துக்குள் தலையைச் செலுத்தி ஸ்கேன் எடுத்தார்கள். வெண்டைக்காயை வில்லை வில்லையாக அரிகிறதுபோல, தலைக்குள் இருப்பதை ஒவ்வொரு அடுக்காகப் படம் பிடித்துக் காட்டுமாம். மூளைக்கு ரத்தம் போகிற சின்னக் குழாய் ஒன்றில் அடைப்பு, இடது பக்கம், நல்ல ஆழத்தில் என்றார்கள். ரத்தம் கசிந்திருந்தால் வேறு வைத்தியம், அடைத்திருந்தால் வேறு வைத்தியம். அதைப் பார்க்கத்தான் அந்தப் படம். அடைப்பைக் கரைக்கிற ஊசி ஒன்று உண்டு, ஆனால் அதைச் சீக்கிரமே போட வேண்டும், மலையிறங்கி வருவதற்குள் அந்த நேரம் தாண்டிவிட்டது என்றும் சொன்னார்கள். அதற்கு நான் யார் மேலும் கோபப்படவில்லை. மலை உயரம், ரோடு நீளம். கோபம் அதற்குப் பிறகு நடந்ததற்கு.

வார்டில் பெரும்பாலும் கேரளத்து நர்ஸ்கள். லிசி என்று ஒரு பெண், இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும், ஊர் விட்டு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. அவள் ஊசி போட வரும்போது எனக்குத் தாகம். தமிழில் தண்ணீர் கேட்க எவ்வளவோ முட்டிப் பார்த்தேன். கடைசியில் "தாகிக்குன்னு" என்று வந்தது. அவள் முகம் விளக்குப் போட்டதுபோல் ஆனது. மலையாளத்தில் சரசரவென்று பேச ஆரம்பித்தாள். நான் மெதுவாக, ஆனால் பதில் சொன்னேன். தலை வலிக்கிறதா, உண்டு. கை அசைகிறதா, இல்லை. நாலு வார்த்தை பேச முடிந்த சந்தோஷம் எனக்கு. சொந்த ஊர்க்காரர் ஒருத்தர் கிடைத்த சந்தோஷம் அவளுக்கு. அவளைக் குறை சொல்ல மாட்டேன். இடுக்கிப் பக்கம் எஸ்டேட்டுகளில் தமிழ்ப் பேர் உள்ளவர்கள் நிறைய. வேலுச்சாமி என்ற பேரைப் பார்த்து அவள் ஏன் சந்தேகப்படப் போகிறாள்?

டாக்டர் தினமும் காலையில் ஒரு கும்பலோடு வருவார். ரயில் பிடிக்கப் போகிறவர்போல நடை. கட்டில் காலருகே நின்று, அட்டையைப் பார்த்தபடியே, "என்ன பெரியவரே, எப்படி இருக்கீங்க?" என்பார். நாற்பத்து மூன்று வயதில் நான் பெரியவர். சரி, போகட்டும். நான் தமிழில் பதில் தேடிக்கொண்டிருப்பேன். அதற்குள் லிசி, "நல்லா பேசுன்னாரு டாக்டர், என்னோடு எல்லாம் பேசும்" என்பாள். அவர் அட்டையில் எழுதுவார். அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். என்ன எழுதினார் என்று பின்னால்தான் தெரிந்தது. பேச்சில் குறை இல்லை என்று எழுதியிருக்கிறார். என் வாயிலிருந்து ஒரு சொல்லைக்கூடக் கேட்காமல் எழுதியிருக்கிறார்.

நான் சும்மா இருக்கவில்லை. லிசியிடமே சொன்னேன், "தமிழ் வருன்னில்லா" என்று. தமிழ் வரவில்லை. என் வாழ்க்கையில் நான் சொன்னதிலேயே பெரிய வார்த்தை அது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "எனிக்கும் வருன்னில்லா சேட்டா" என்றாள். எனக்கும்தான் வரமாட்டேன் என்கிறது அண்ணா. சொல்லிவிட்டுத் தலையணையைச் சரி பண்ணிவிட்டுப் போனாள். நான் கூரையில் சுற்றுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

செல்லத்தாய் பக்கத்திலேயே இருந்தாள். கட்டிலுக்கு அடியில் துண்டை விரித்துப் படுப்பாள். ஸ்பூனில் கஞ்சி ஊட்டுவாள், வாயோரம் வழிவதை முந்தானையால் துடைப்பாள். "எங்கூட ஒரு வார்த்த பேசுங்க" என்பாள். நான் "ம்" என்பேன். அது ஒன்றுதான் எனக்கு மிஞ்சியிருந்த தமிழ். அவளிடம் மலையாளத்தில் சொல்லிப் பார்த்தேன். அவளுக்கு அது பாதி புரிந்திருக்கும். ஆனால் அவள் முகம் சுருங்கிப் போனதும் நிறுத்திவிட்டேன். கட்டின பெண்டாட்டியிடம் புருஷன் திடீரென்று வேற்று ஊர்க்காரன்போலப் பேசினால் அவள்தான் என்ன நினைப்பாள்?

அவள் நினைக்காததையும் நினைக்க வைத்தார்கள். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நர்ஸ் வந்தால் நான் பேசுகிறேன், பெண்டாட்டி கேட்டால் ஊமை. வெளி வராந்தாவில் மாயாண்டியின் குரல் எனக்கு நன்றாகக் கேட்டது.

"வாரத்துல ரெண்டு நா அங்க தங்கல். அங்கன ஒரு குடும்பம் இருக்கும்னு எனக்கு அப்பவே தோணுச்சு. தல கலங்குனதும் உள்ள கெடக்குறது வெளிய வருது."

"சும்மா இருண்ணே."

"நா சும்மா இருக்கேன் தாயி. ஒம் புருசனச் சும்மா இருக்கச் சொல்லு. அந்தப் புள்ளையப் பாத்து பறயுறதும் சிரிக்கிறதும்."

இதைச் சொன்ன அதே மனுஷன் உள்ளே வந்து, என் வலது காலை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, சூடு பண்ணிய எண்ணெய் போட்டு உள்ளங்காலைத் தேய்த்துவிட்டார். "ஏலே மாப்ள, நீ நல்லா எந்திரிச்சு வா. ஒனக்குப் பஞ்சாயத்து இருக்கு" என்று சொல்லிக்கொண்டே தேய்த்தார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இல்லை என்று மறுக்க ஒரே ஒரு தமிழ் வார்த்தை போதும். அது இல்லை என்னிடம். மலையாளத்தில் மறுத்தால் அதுவே அவருக்குச் சாட்சி. நான் மௌனமாக இருக்க இருக்க, குற்றத்தை ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிக்கொண்டிருந்தது.

செல்லத்தாய் துணிந்து டாக்டரிடமே போய்க் கேட்டாள். அவர் அறை எங்கள் வார்டை ஒட்டித்தான், கதவு திறந்திருந்ததால் எனக்கு எல்லாம் தெரிந்தது, கேட்டது.

"சார், இவரு எங்கூடப் பேசவே மாட்டேங்காரு."

"நர்ஸ்கூட நல்லாப் பேசுறாரே. ரிப்போர்ட்டுல எல்லாம் நார்மல்மா."

"எங்கூடப் பேசல சார்."

அவர் பேனாவை மூடினார். குரலைத் தணித்துக்கொண்டு, "வீட்ல உங்க ரெண்டு பேருக்கும் ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டார். கோபதாபம் வைத்துக்கொள்ளாமல், அனுசரித்துப் போக வேண்டும் என்று புத்தி சொல்லி அனுப்பினார். டிஸ்சார்ஜ் பில்லில் ஆலோசனைக் கட்டணம் என்று ஒரு வரி தனியாக இருந்தது. எந்த ஆலோசனை என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம். மூளையில் அடைப்பு வந்து படுத்துக் கிடப்பவனுக்குப் புருஷன் பெண்டாட்டிச் சண்டை என்று வைத்தியம் பார்த்த இடத்தை நான் வேறு எங்கேயும் கேள்விப்பட்டதில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் செல்லத்தாய் தன் கையால் உப்புப் போட்டுப் பிசைந்து எனக்கு ஊட்டிவிட்ட சோற்றில் உப்பு தூக்கலாக இருந்தது. வீட்டிலும் அவளுக்கு மனசு சரியில்லையென்றால் உப்புக் கூடும். சாப்பிட்டு முடித்ததும் வாயைக் கழுவிவிட்டு, நேராக லிசியிடம் போனாள். நர்ஸ்கள் உட்காரும் மேசை என் கட்டிலுக்கு எதிரேதான்.

"ஏம்மா, ஒங்க பாசையில எனக்கு ஒரு கேள்வி சொல்லிக் குடு."

"எந்து கேள்வி சேச்சி?"

"அங்க வேற யாரும் இருக்காளான்னு கேக்கணும்."

லிசிக்குப் புரியவில்லை. "தமிழிலே கேக்கலாமே. சேட்டனுக்குத் தமிழ் அறியாதா?"

"அவருக்குத் தமிழ்தாம்மா தெரியும். பொறந்ததுலருந்து தமிழ்தான். நாங்க பூம்பாற. இந்த மலையாளத்த இவரு லாரி ஓட்டப் போயிப் படிச்சது."

லிசி கையிலிருந்த மருந்துத் தட்டை அப்படியே மேசையில் வைத்தாள். என்னைப் பார்த்தாள். "சேட்டன் மலையாளி இல்லியா?" என்று கேட்டாள். அவளுடைய சிரிப்பெல்லாம் வடிந்துபோயிற்று. நான் அவளிடம் சொன்னதும், அவள் எனக்குச் சொன்ன பதிலும் அந்த நிமிஷம்தான் அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

ஆனால் செல்லத்தாய் தன் காரியத்தை விடவில்லை. சொல்லிக் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்று நின்றாள். மேசையருகே நின்று இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பிறகு என் கட்டிலில் வந்து உட்கார்ந்து, என் முகத்துக்கு நேராக, பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒப்பிக்கிறதுபோலக் கேட்டாள்.

"அவிடெ வேறெ ஆரெங்கிலும் உண்டோ?"

எங்களுக்குக் கல்யாணமான நாளிலிருந்து அவள் கேரளப் பக்கம் தேனியைத் தாண்டிப் போனவள் இல்லை. அவள் வாயில் அந்தப் பாஷை கூழாங்கல்லைப்போல உருண்டது. எனக்கும் வார்த்தை அந்தப் பாஷையில்தான் வந்தது.

"ஆருமில்லா. எனிக்கு தமிழ் வருன்னில்லா."

இதற்கு யாரும் அர்த்தம் சொல்லத் தேவைப்படவில்லை. "இத மொதல்லயே சொல்லக் கூடாதா" என்றாள். சொல்லிவிட்டு, அவள் கேட்டது எவ்வளவு அநியாயமான கேள்வி என்று அவளுக்கே தெரிந்து, என் செத்த கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை லிசி டாக்டரிடம் சொன்னாள். கும்பல் நடுவில், பயந்துகொண்டே சொன்னாள். இவர் தமிழர், தமிழ் போய்விட்டது, மலையாளம்தான் இருக்கிறது என்றாள். டாக்டர் முதலில் கேட்டது என்ன தெரியுமா? "நீதானே நல்லாப் பேசுறார்னு சொன்ன?" பழியை ஒரு சின்னப் பெண் தலையில் தூக்கி வைத்தார். அப்புறம் அட்டையிலிருந்து கண்ணை எடுக்காமலே பேனாவை என் பக்கம் நீட்டி, இது என்ன என்றார். நான் "பேனா" என்று சொல்லிவிட்டேன். அது இரண்டு பாஷைக்கும் பேனாதானே. "பாருங்க, வருது" என்றார்.

செல்லத்தாய் விடவில்லை. "அவரு பேசுறது மலையாளம் சார்."

"ஏதோ ஒரு மொழி வருதில்லம்மா? எத்தனை பேருக்கு ஒண்ணுமே வர்றதில்ல. சந்தோஷப்படுங்க."

"எங்கூடப் பேசணும்ல சார்" என்றாள் செல்லத்தாய்.

கும்பலில் நின்ற படிக்கிற பிள்ளைகளில் ஒன்று குனிந்து சிரித்தது. அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை. டாக்டர் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிட்டார். இரண்டு நாளில் எங்களை அனுப்பிவிட்டார்கள். காலுக்குப் பயிற்சி, கைக்குப் பயிற்சி, மாத்திரை, உப்பைக் குறைப்பது எல்லாம் எழுதிக் கொடுத்தார்கள். பேச்சுக்கு ஒரு வரி இல்லை. லிசிதான் வாசல்வரை வந்து, அரசு ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சிக்கென்று தனி இடம் இருக்கிறது, கட்டாயம் போங்கள், பேச்சுக்கான பயிற்சியை வெரசாக ஆரம்பிக்க வேண்டும் என்று செல்லத்தாயிடம் சொன்னாள். என்னிடம் "க்ஷமிக்கணும் சேட்டா" என்றாள். மன்னிப்புக் கேட்டது அந்த ஆஸ்பத்திரியில் அவள் ஒருத்திதான்.

மலையிலிருந்து வெள்ளனே கிளம்பும் பஸ்ஸில் வாரா வாரம் மதுரைக்குப் போனோம். ஓட்டுகிறவர் பிரேக்கை மிதிக்க வேண்டிய இடத்திலெல்லாம் வராத வலது காலுக்குப் பதிலாக என் இடது கால் தரையை மிதித்துக்கொண்டே வரும். அரசு ஆஸ்பத்திரி வராந்தாவில் பெஞ்சு கிடைக்காது. மாயாண்டி பஸ்ஸை விட்டு இறங்கியதும் எங்களுக்கு முன்னால் ஓடி ஒரு துண்டைப் போட்டு இடம் பிடித்துவைத்திருப்பார். பஞ்சாயத்துப் பேச்சை அவர் இன்னும் விடவில்லை. அங்கே ஆரும் இல்லை என்று தங்கச்சி சொன்னதை அவர் பாதிதான் நம்பினார்.

பேச்சுப் பயிற்சி தருகிற அம்மா நடுத்தர வயது, எப்போதும் ஜலதோஷம் பிடித்த குரல். உட்கார்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "இவருக்கு என்னென்ன மொழி தெரியும்?" என்பது. செல்லத்தாய் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்ததை எழுத எனக்குத் தெம்பு இல்லை. இந்த ஒரு கேள்விக்காகவா அத்தனை நாள் கிடந்தோம்.

அந்த அம்மா சொன்னதை எனக்குப் புரிந்தவரைக்கும் சொல்கிறேன். தாய்ப்பாஷையை யாரும் உட்கார்ந்து படிப்பதில்லை. நடக்கப் பழகுகிறதுபோல, சட்டைப் பொத்தான் போடப் பழகுகிறதுபோல அது தானாக வந்துவிடுகிறது. யோசிக்காமல் தானாக நடக்கிற வேலைகளுக்கு மூளையின் ஆழத்தில் ஓர் இடம் பங்கு வகிக்கிறது. எனக்கு அடைப்பு வந்தது அந்தப் பக்கம். பெரியவனானபிறகு கஷ்டப்பட்டு, மனப்பாடம் பண்ணிப் படிக்கிற பாஷை, ஞாபகத்தில் வைக்கிற விஷயங்களோடு சேர்ந்து வேறு பாதையையும் பயன்படுத்துகிறதாம். அதனால்தான் மூளை அடிபட்ட சிலருக்குத் தாய்ப்பாஷை போய்ப் படித்த பாஷை நிற்கிறது. சிலருக்கு நேர்மாறு. சிலருக்கு இரண்டும் போய்விடும். ஏன் இப்படி என்று முழுசாக இன்னும் யாருக்கும் தெரியாது என்றும் அவரே சொன்னார். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன முதல் ஆள் அவர்தான்.

எனக்கு அது உடனே பிடிபட்டது. மழைக்காலத்தில் வத்தலக்குண்டு ரோட்டில் மண் சரிந்தால் நாங்கள் என்ன செய்வோம்? பழனி ரோட்டில் இறங்குவோம். குறுகல், சுற்று, நேரம் ஆகும். ஆனால் கீழே போய்ச் சேர்ந்துவிடலாம். என் வாய்க்கு அந்தப் பழனி ரோடு மலையாளம். ஸ்டியரிங்கைப் பார்த்துச் சத்தமாகச் சொல்லிச் சொல்லி நானே வெட்டின ரோடு அது. அது இல்லாவிட்டால் நான் வெறும் "ம்" தான்.

"மலையாளத்த விட்ராதீங்க. அதப் பிடிச்சுத்தான் தமிழ இழுக்கணும்" என்றார் அந்த அம்மா. "அவர் சொல்ற மலையாள வார்த்தைக்குப் பக்கத்துல நீங்க தமிழ் வார்த்தைய வைங்க. அவர் ரெண்டையும் சேத்துச் சொல்லட்டும்." வீட்டில் செல்லத்தாய் சமைக்கிற காயெல்லாம் எனக்குப் பாடம் ஆயிற்று. ஒரு பூண்டைத் தூக்கிக் காட்டுவாள். நான் "வெளுத்துள்ளி" என்பேன்.

"பூண்டு. எங்க, சொல்லுங்க."

"வெளு… வெளுத்துள்ளி."

"ஒங்க அப்பா காட்டுல மொளச்சது. வித்துத்தான் ஒங்களுக்குச் சோறு போட்டாரு. பூண்டு."

"பூ…"

"பொட்டப்புள்ளைக்கு வைக்கிற பூ இல்ல. பூண்டு."

பூண்டுக் காட்டில் பிறந்தவன் வாயில் பூண்டு வர ஒரு வாரம் ஆனது. வந்த அன்று அவள் குழம்பில் உப்பு அளவாக இருந்தது. இதற்குள் அவளும் மலையாளத்தில் காய்கறி முழுக்கச் சொல்லப் பழகிவிட்டாள். நான் மறந்த வார்த்தையை அவள் எடுத்துக் கொடுப்பாள்.

முழு வாக்கியம் வந்தது மாயாண்டியால். பங்குனியில் ஒருநாள் வீட்டுக்கு நாலு பேர் வந்திருந்தார்கள். அவர் தன் வழக்கப்படி ஆரம்பித்தார், "மாப்ளைக்கு ஒடம்பு இங்க, மனசு கோட்டயத்துல" என்று. எல்லோரும் சிரித்தார்கள். செல்லத்தாய் அடுப்படியில் தலையைக் குனிந்துகொண்டதைப் பார்த்தேன். என் வாயிலிருந்து வெடித்தது.

"வாய மூடிக்கிட்டுப் போய்யா வெளிய."

எனக்கே நம்ப முடியவில்லை. மாயாண்டி எழுந்து நின்றார். பிறகு வாசலுக்கு ஓடினார். "ஏலே, மாப்ள வைறாருலே. சுத்தத் தமிழ்ல வைறாரு" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினார். திரும்ப வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு, "இன்னொரு தரம் வைய்யி மாப்ள" என்றார். அன்றோடு பஞ்சாயத்துப் பேச்சை விட்டுவிட்டார். அங்கே குடும்பம் வைத்திருப்பவனுக்கு இவ்வளவு கோபம் வராது என்று ஏதோ ஒரு கணக்குப் போட்டிருக்கிறார்.

இப்போது எனக்குத் தமிழ் வருகிறது. அவசரத்தில் முட்டும். களைப்பாக இருந்தால் நடுவில் மலையாளம் எட்டிப் பார்க்கும். லாரி இன்னும் ஓட்டக் கூடாது என்கிறார்கள்.

போன வாரம் அந்தத் தனியார் ஆஸ்பத்திரிக்குப் பரிசோதனைக்குப் போகவேண்டி வந்தது. நான் ஒரு பெரிய பேச்சைத் தயார் பண்ணியிருந்தேன். என் வாயைத் திறந்து பார்க்காமல் எப்படி எழுதினீர்கள் என்று கேட்க வேண்டும். அந்த ஆலோசனைக் கட்டணம் எதற்கு என்று கேட்க வேண்டும். ஒரு நர்ஸ் பெண்ணின் மேல் ஏன் பழியைப் போட்டீர்கள் என்று கேட்க வேண்டும். பஸ்ஸில் மலை முழுக்கச் செல்லத்தாயிடம் ஒப்பித்துப் பார்த்தேன். முட்டின இடத்தில் அவள் எடுத்துக் கொடுத்தாள். மத்தியானத்துக்கு மேலேதான் கூப்பிட்டார்கள். லிசியைத் தேடினேன். ஊருக்குப் போய்விட்டாளாம்.

டாக்டர் கையைத் தூக்கச் சொன்னார், நடக்கச் சொன்னார். "பிரமாதம். பேச்சு?" என்று அட்டையைப் பார்த்துக்கொண்டே கேட்டுவிட்டு, என்னைப் பார்க்காமல் எழுதப் போனார்.

தயார் பண்ணினதெல்லாம் எங்கேயோ போய்விட்டது. ஆனால் அடியில் இருந்தது வந்தது. மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, தமிழில் வந்தது.

"எங்கிட்ட… கேட்டிருக்கலாம்ல, சார்."

அவர் பேனா நின்றது. நிமிர்ந்து பார்த்தார். அந்த ஆஸ்பத்திரியில் அவர் என் முகத்தைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஏதோ சொல்ல வந்தார். எங்களுக்குப் பின்னால் நின்றவரின் பேரை வெளியே கூப்பிட்டுவிட்டார்கள். அவர் அட்டையில் எதையோ எழுதி நீட்டினார். என்ன எழுதினார் என்று நாங்கள் பார்க்கவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது செல்லத்தாய் என் வலது கைப்பக்கமாக வந்து பிடித்துக்கொண்டாள்.

"நா கேட்டேன்ல" என்றாள்.

"ம். நீ கேட்ட."

"மலையாளப் பாசையிலயே கேட்டேன்ல."

கேட்டாள். சந்தேகப்பட்டுத்தான் கேட்டாள், கோபத்தில்தான் கேட்டாள். ஆனாலும் என்னிடம் கேட்டாள்.